மறு அறிவித்தல் வரை

எங்கேயோ ஒரு மலை வாய் திறந்ததாம்.
முப்பதாயிரம் அடி உயரத்தில்
சாம்பல் வந்துகொண்டிருக்கிறதாம்.
மேலமாசி வீதி லாட்ஜின் மொட்டைமாடியில் நின்று
அண்ணாந்து பார்க்கிறேன்:
கழுவிக் கவிழ்த்த பீங்கான் போல வானம்.
கொடியில் கேதீசின் சட்டை
மூன்றாம் முறையாகக் காய்கிறது.

மதுரையிலிருந்து கொழும்புக்கு ஐம்பது நிமிடம்.
தேத்தண்ணி தந்து
குவளையைத் திருப்பி வாங்க முதல் இறக்கிவிடுவார்கள்.
அந்த ஐம்பது நிமிடத்துக்கு
இன்றைக்கு ஐந்தாம் நாள்.

வரவேற்பு மேசைப் பையன் பால்பாண்டி
காலையில் கடவுச்சீட்டுகளைக் கேட்கிறான்.
தங்கல் நீள நீள
வெளிநாட்டவர் படிவத்தைப் புதிதாய் நிரப்ப வேண்டுமாம்.
எழுதிக்கொண்டே சொல்கிறான்:
"அக்கா, நீங்க தமிழ் சூப்பரா பேசுறீங்க."
நன்றி என்றேன்.
வேறென்ன சொல்ல?

முக்குக் கடையில் சவர்க்காரம் கேட்டேன்.
"எந்த ஊரும்மா?" என்று சிரித்து
சோப்பை எடுத்துத் தந்தார்,
மிச்சக் காசுக்கு இரண்டு புளிப்பு மிட்டாயும்.

பார்க்க வந்ததெல்லாம் பார்த்தாயிற்று.
மகால், தெப்பக்குளம், சுங்குடிச் சேலை நான்கு.
ஜிகர்தண்டா குடித்துக் குடித்து
ஆரபிக்குத் தொண்டை கட்டிவிட்டது.
கோயில் தூணில் யாரோ தட்டிவிட்டுப் போன
மிச்சத் திருநீற்றைத் தொட்டுக் காட்டி
கம்மிய குரலில் கேட்டாள்:
"அம்மா, பிளேனை மறிச்சது இந்தச் சாம்பலோ?"
சிரித்தேன்.
சிரித்து முடிய,
பயணப் பட்டியலில் எழுதாமல் விட்ட ஓரிடம்
காலில் இடறியது.
மறந்துபோய் விட்டதல்ல.

ஆனையூர்.
பெரியம்மாவின் மகன் ஜெயரூபன்.
தொண்ணூறில் பேசாலையில் படகேறியபோது
அவனுக்கு நாலு வயது, எனக்கும் நாலு.
அன்றிரவு அப்பாவுக்குக் காய்ச்சல்,
நாங்கள் ஏறவில்லை.
அவ்வளவுதான் கதை.

முகப்புப் பலகையில் 'அகதிகள்' என்பதன் மேல்
வெள்ளையடித்து 'மறுவாழ்வு' என்று எழுதியிருந்தது.
வெயிலில் பழைய சொல் லேசாய்த் தெரிந்தது.

பெயின்ட் வேலை அவனுக்கு.
நகக்கண்ணெல்லாம்
யாரோ ஒருவருடைய புதுவீட்டின் இளம்பச்சை.
"வா வா, உக்காரு,
போட்டோவுல பாத்ததவிட ஒல்லியா இருக்க" என்றான்,
அச்சு அசல் மதுரைக்காரன்.
பிறகு உள்ளே திரும்பி
"தேத்தண்ணி போடு" என்றான்.
அந்தச் சொல்லை மட்டும்
எங்கேயோ மடித்து வைத்திருந்திருக்கிறான்.

நான்தான் புலம்பத் தொடங்கினேன்.
லீவு முடிந்துவிட்டது, வங்கியில் மனேஜர் ஏசுகிறார்,
கேதீசின் பிரஷர் குளிசைக்கு இங்கே வேறு பெயர்,
கல்யாண வீட்டாருக்கென்று
நாளைக்கு அறையை ஒழிக்கச் சொல்கிறார்கள்,
அஞ்சு நாள் ரூபன், அஞ்சு நாள்,
எப்ப எண்டு ஒருத்தரும் சொல்லினம் இல்லை.

தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.
பிஸ்கட் தட்டை ஆரபி பக்கம் நகர்த்தினான்.
பிறகு, குத்தல் ஏதுமில்லாமல்,
உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவனாய்:
"ஏர்போர்ட்ல ஒரு போர்டு இருக்குமாம்ல?
போற ஊரெல்லாம் வரிசையா வருமாம்ல?
லேட்டுன்னாவது அதுல போட்டிருப்பாங்களா?"

போட்டிருப்பார்கள் என்றேன்.
சுவரில் ஒரு பல்லி கத்தியது.
அவன் மனைவி எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள்.

ஏழாம் நாள் விடிய முன்னம்
பால்பாண்டி கதவைத் தட்டினான்:
"அக்கா, விட்டுட்டாங்க!"

இப்போது கைப்பையில்
நான்காய் மடித்த ஜெராக்ஸ் ஒன்று இருக்கிறது.
மன்னார்க் கச்சேரியில் கேட்டுப் பார்க்கச் சொன்னான்,
பிறப்புப் பதிவு இன்னும் இருக்கிறதா என்று.
பெயரில் ஒரு எழுத்து அழிந்திருக்கிறது,
ஓரத்தில் இளம்பச்சை விரல்ரேகை.

ஜன்னலுக்குக் கீழே கடல்.
சூடாறட்டும் என்று குவளையைப் பிடித்திருந்தேன்.
அதற்குள் பணிப்பெண் வந்து கை நீட்டினாள்:
"முடிச்சிட்டீங்களா, மேடம்?"