கசாப்புக்காரனுக்குப் பதினோரு பிராங்க்

அவர் குரலைப் பற்றி ரூபே நகரமே பேசும்.
நாடக அரங்கின் மூன்றாம் அடுக்கில்
விளக்குக் கண்ணாடிகள் அதிருமாம்.
எனக்கென்ன தெரியும்?
ஆறு வயதுக் காய்ச்சலோடு போன காது.
நெசவாலையில் நூறு தறிகளுக்கு நடுவே
தலைவலி வராத ஒரே ஆள் நான்.
அங்கே எல்லோரும் உதட்டைத்தான் படிப்பார்கள்,
நான் கொஞ்சம் வேகமாக.

பிறகு சந்தைத் திடலில் கூடாரம் அடித்து
வெள்ளைத் துணி கட்டினார்கள்.
எவாரிஸ்த் கூர்வல் அதில் வந்தார்.
பாரிசுக்கு வெளியே எங்கோ, கண்ணாடிக் கூரைக்கடியில்
நாள்கூலிக்குச் செத்துக்கொண்டிருந்தார்:
கர்தினாலாக, சூதாடியாக,
பனியில் உறைந்த மாலுமியாக.
ஒரு சாவுக்கு நான்கு நிமிடம்.
பியானோக்காரியின் தோள்கள் ஏறி இறங்கின.
பக்கத்துப் பெண் கைக்குட்டையைக் கடித்தாள்.
திரையில் எழுத்து வந்தது:
இறைவா, பிரான்ஸைக் காப்பாற்று.
கர்தினாலின் உதடு சொன்னதோ:
கசாப்புக்காரனுக்குப் பதினோரு பிராங்க்.
கரி வாங்கவில்லை. இந்தத் தாடி அரிக்கிறது.

சிரித்துவிட்டேன்.
எவ்வளவு சத்தமாகவோ,
காவலாள் வந்து தோளைத் தொட்டான்.

கடிதம் எழுதினேன்.
ஐயா, கர்தினாலாக இறந்தபோது சொன்ன கடனை
அடைத்துவிட்டீர்களா?
பதில் இல்லை.
அடுத்த படத்தில் தூக்குமேடை.
பாதிரியார் சிலுவையை நீட்டுகிறார்.
இவர் அதைப் பார்க்காமல் நேரே எங்களைப் பார்த்து,
குழந்தைக்குச் சொல்வதுபோல் நிதானமாக:
ஒன்பது அடைத்தேன், அம்மணி. இரண்டு பாக்கி.

அதன்பின் எந்தப் படத்திலும் எனக்கென்று ஒரு வரி.
இந்தக் குதிரை கடிக்கும்.
புது இயக்குநருக்கு மீசைகூட முளைக்கவில்லை.
போர் முடிந்த வருடம், ஒரு கல்யாணக் காட்சியில்
மணமகளை அணைத்தபடி
என் மகன் வெர்தனில், என்றார்.
மிச்சத்தை அவள் தொப்பி மறைத்துக்கொண்டது.

பேசும் படம் வந்தது.
அந்தக் குரலுக்காக ஊரே திரண்டு போனது.
வாயிற்காவலர் வேடம், ஒரே காட்சி.
ஒலிவாங்கியைப் பூச்சாடிக்குள் ஒளித்து வைப்பார்களாம்.
அவர் அதன் பக்கம் குனிந்து
முதுகை எங்களுக்குக் காட்டி
ஏதோ சொன்னார்.
வரிசை வரிசையாக முகங்கள் வாடின.
குரல் போய்விட்டதாம், துருப்பிடித்த கீல் மாதிரி.

என்ன சொன்னார், தங்கையைக் கேட்டேன்.
வண்டி வந்துவிட்டது, ஐயா.
அவ்வளவுதானா?
அவ்வளவுதான்.
அந்த இரண்டு பிராங்க் பற்றி ஒன்றும் இல்லையா?
அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.