வாசிப்பு

மானிப்பாய் முழுக்க மீற்றர் வாசிக்கிறவன்,
மூன்று மாதமாய் நித்திரையில்லாமல்
இரண்டு பஸ் மாறித் தெல்லிப்பழைக்குப் போனேன்.
எங்கட ஆஸ்பத்திரியில்
துண்டு எழுதுகிற பொடியன் மச்சானின் கூட்டாளி.
வீட்டில் சொன்னது: பல்லுக்கு.

வாங்கு நிறைய
கிளினிக் கொப்பியைக் கவிட்டுப் பிடித்தபடி ஆட்கள்.
மூலையில் இருந்தவ நிமிர்ந்தா.
சங்குவேலி. கறுப்பு நாய்.
பதினொரு வருடமாய் வேலிக்கு அங்கால் ஒரு குரல்.

திரும்பிப் போகலாமென்று காலெடுத்தேன்.
பக்கத்திலிருந்த பையைத் தூக்கி மடியில் வைத்தா.
"நாயைக் கட்டியாச்சு, வாங்கோ."

சிரிப்புத்தானோ அது
எனக்கே ஐமிச்சம்.

"என்ன சொல்லிட்டு வந்தனீங்கள்?"
"பல்லு."
"நான் கண்ணாடி மாத்த."

உள்ளே டொக்டர் பிள்ளை கேட்டா:
பூச்சியத்திலிருந்து பத்து வரைக்கும்
இண்டைக்கு மனசு எத்தினை?

எத்தனை ஆயிரம் இலக்கம் எழுதின கை.
ஒன்றும் வரவில்லை.
"வீடு பூட்டிக் கிடந்தால் மிஸ்,
போன மாதக் கணக்கையே போட்டுவிட்டுப் போவம்.
கொஞ்சக் காலமாய் நான் அப்பிடித்தான்."

அவ பேனையை மூடிவைத்தா.
காற்றாடி கிறீச்சிட்டுக்கொண்டே சுற்றியது.
வெளியே இருபத்தேழாம் நம்பரைக் கூப்பிடும்வரை
கதைத்தேன்.

மருந்து யன்னலடியில் மற்றவ சொன்னா:
"முதல் கிழமை வாய் காயும்.
தண்ணிப் போத்தல் கொண்டு திரியுங்கோ."

அடுத்த மாதம் சங்குவேலி.
நாய் குரைத்தது.
"பல்லு எப்பிடி?"
வேலிக்கு அங்காலிருந்து.

மீற்றர் இலக்கத்தை எழுதி முடித்து,
தண்ணி ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னேன்:
"நாலு."