ஒரு கட்டம்

கணினியில் எங்கள் சீமை ஒரே கட்டம்.
பாபநாசத்து அணையும் உவரிக் கடலும்
தேரிமணலும் அதற்குள்
ஒரே மழையில் நனைகின்றன.

கிரீன்லாந்தில் உருகும் நீரை
நான்தான் எண்ணாகத் தட்டுகிறேன்.
நேற்று ஒரு தசமம் கூட்டினேன்.
எங்கோ அட்லாண்டிக்கில் நீரோட்டம் தளர்ந்து
இங்கே ஐப்பசி காய்ந்தது.
உருகலைச் சேர்க்காத பழைய ஓட்டத்தில்
அதே வருசம்
மணிமுத்தாறு மறுகால் பாய்கிறது.

எதை அனுப்ப?

கரையேறியதும் ரெக்சன் அண்ணன் கூப்பிட்டான்.
"நீவாடு மாறிக் கெடக்கு, டெல்மா.
வலைய எதுத்தாப்புல இழுக்கு.
ஒம் மெசினு என்ன சொல்லுது?"

ரெண்டு சொல்லுது என்றேன்.

"சரிதான்" என்றான். கொஞ்சம் பொறுத்து,
"பெட்டி ஐசு பூரா தண்ணியாப் போச்சு.
மீனு நாலு கிலோ."

அந்தத் தண்ணீரை
நான் எங்கும் சேர்க்கவில்லை.