கட்செவி

துயில் மண்டபத்தில் விளக்கணைப்பவன் நான்.
எபிதௌரோசுக்கு நோய் சுமந்து வருகிறவர்கள்
குளித்து, பலியிட்டு, காசு கட்டி,
ஆட்டுத்தோல் விரித்துப் படுத்த பிறகு
கடைசித் திரியை நான்தான் கிள்ளுவேன்.
அப்புறம் கனவில் கடவுள் வருவார்.
சில சமயம் தாடி வைத்த மனிதராக.
பெரும்பாலும் பாம்பாக.

எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.
பாம்புகள் மொத்தம் பதினொன்று.
வைக்கோல் நிறம். விஷம் கிடையாது.
வட்டக் கோயிலின் அடியில்
வளைந்து வளைந்து தன்னிடமே திரும்பும் சுவர்களின் இருட்டில்
குடியிருக்கின்றன.
தேன் அப்பமும் முட்டையும் வைக்கிறேன்.
அப்பத்தை எறும்பு தின்னும், முட்டையை அவை.
ஒன்றுக்கு வால்நுனி இல்லை,
நான் சாத்திய கதவிடுக்கில் போனது.
அதையும் கடவுள் என்றுதான் கும்பிடுகிறார்கள்.
இதை வெளியே சொன்னால்
என் நாக்கு போகும்.

மெலித்தா வந்தது திராட்சை பழுக்கும் மாதத்தில்.
எர்மியோனேக் கரையில் முள்சங்கு உடைத்துச் சாயம் எடுப்பவள்.
முழங்கை வரை ஊதா, கழுவினாலும் போகாத கவிச்சி.
ஏழு வயதுக் காய்ச்சலில் காது போனதாம்.
தம்பி தோரியோன் சொல்லச் சொல்ல
அவன் உதட்டை அவள் பார்க்கவில்லை,
தொண்டைக்குழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று திரியைக் கிள்ளிய பிறகும் நான் போகவில்லை.
ஏன் என்று கேட்காதீர்கள்.
தூண்களுக்கிடையே பாயளவு நிலவு.
இருமல்கள் ஒவ்வொன்றாக அடங்கின.
முடவன் ஒருவன் தூக்கத்தில் சிரித்தான்.
அரவமில்லாமல் வந்தது அரவம்,
அந்த வாலறுந்தது.

நாற்பது பேர் உறங்கும் தரையில்
அவள் மட்டும், அது வருமுன்பே, எழுந்து உட்கார்ந்திருந்தாள்.
உள்ளங்கை கல்லின்மேல்.
அது வளைகிற பக்கமெல்லாம்
அவள் விரல்களும் மெல்லத் திரும்பின.
தூக்கம் இல்லை, விழிப்பும் இல்லை,
நீருக்கடியில் மூச்சடக்கி இருப்பவளின் முகம்.
மணிக்கட்டில் ஏறியது. தோளில் ஏறியது.
காதை அது சட்டை செய்யவே இல்லை.
மறுபக்கம் வழிந்து இறங்கி
தாடையைத் தரையில் வைத்துக் கிடந்தது.
அவளும் குனிந்து தாடையைக் கல்லில் வைத்தாள்.

இருவரும் எதையோ கேட்டார்கள்,
வெகுநேரம்.
பதினாறு வருடம் முட்டை வைத்தவன் நான்,
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
பாம்பின் கால் பாம்பறியும்.

விடிந்ததும் பூசாரி எவ்தீமோஸ்
கல்தச்சனோடு வந்தார்.
பாம்பு காதை நக்கியது, சேவல் கூவியது கேட்டது:
வாசகம் இரவே தயார்.
தோரியோன் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கை தட்டினான்.
அவள் திரும்பினாள்.
கூட்டம் மார்பில் அடித்துக்கொண்டு அழுதது.

தட்டும்போது அவன் குதிகால் தரையில் மோதியதை
நான் பார்த்தேன்.
அவள் வெறுங்காலோடு நின்றிருந்தாள்.
நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.
ஊதா விரல் ஒன்றை உதட்டில் வைத்தாள்.
சொல்லாதே என்பதற்கா,
விரல் நனைக்கும் தொழில் பழக்கமா,
இன்றுவரை தெரியாது.

கல்லில் அவள் பெயர் பதினெட்டாவது வரி.
எழுத்துக்குச் சிவப்பு பூசியிருக்கிறார்கள்.
பொய் என்று சொல்லமாட்டேன்.
உண்மை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

கழுதையேறி அவள் போன மதியம்
மண்டபத்தில் யாருமில்லை.
தோல்களை உதறி மடிக்கிற சாக்கில்
குப்புறப் படுத்தேன். தாடையைக் கல்லில் வைத்தேன்.
முதலில் என் ரத்தம்.
பிறகு நெடுநேரம் வெறும் குளிர்.
எழுந்துவிடலாம் என்று கைவிட்ட கணத்தில்
மலைப்பாதை இறங்கும் குளம்புகள்,
நாலு நாலாக, அதில் ஒன்று
கொஞ்சம் தாங்கித் தாங்கி.

பக்கத்தில் ஏதோ மூச்சு விட்டது போலிருந்தது.
கண்ணைத் திறக்கவில்லை.