சோரனுக்க கடன்

அவனுக்க பேரு சோரன்.
நான் வச்ச பேரில்லை மக்கா,
பெத்த தாயி வச்சது.
அவளுக்க நாட்டுல அதுக்கு வேற அர்த்தம் போல.

குளச்சல் கடப்புறத்துல மிளகுப் பண்டகசாலை,
முன்னால செவப்புத் துணியில வெள்ளைக் குரிசு வச்ச கொடி.
தேன்மார்க்குன்னு பறைவோம்.
தேனும் கிடையாது, மார்க்கமும் கிடையாது:
நாலு சிப்பாய், ஒரு துலாக்கோல்,
பூட்டு துருப்பிடிச்ச காசுப்பெட்டி.

தினம் ஒரு கூறு சாளை. வெள்ளிக்கிழமை அயிலை.
மழைக்காலத்துல கருவாடு.
எழுத்து படிச்சவ இல்லை நான்.
வலைநூலுல முடிச்சுப் போட்டு வச்சேன்,
சக்கறத்துக்கு ஒண்ணு.
கேட்டா,
"கப்பல் வரட்டும் இஞ்ஞாசியம்மே."
அவன் பிழையில்லாமப் பறைஞ்ச தமிழ் அது ஒண்ணுதான்.

சாராயம் உள்ள போனா சண்டை வெளிய வரும்.
அந்தக் கொடி தறியில நெய்ததில்லையாம்.
ஏதோ கிழக்கு நாட்டுப் போருல
தோக்கப் போற நேரம்
ஆகாசத்துலருந்து விழுந்ததாம்.
அண்ணாந்து பாத்தேன்.
போன ஆனிக் காத்துல கிழிஞ்ச ஓரத்துக்கு
எங்க தையக்காரன் பௌலீஸ் போட்ட ஒட்டு
தனிச் செவப்பாத் தெரிஞ்சுது.
அவனுக்கும் கூலி பாக்கி.

பின்ன ஒரு நாள்.
பண்டு அவனுக்க பாட்டன்மாரு நீளத் தோணியில
இங்கிலீசுகாரன் கரையில போய் இறங்குவாவளாம்.
"போயிருங்கோ"ன்னு அந்த ராசா
வெள்ளியை நிறுத்துக் கொடுப்பானாம்.
வாங்கிட்டுப் போவாவ. மறுவருசமும் வருவாவ.
வெள்ளி கூடும்.
மேசையில அடிச்சுச் சிரிச்சான் சோரன்.
நான் சிரிக்கல்ல.
நானும் தினம் அவன் வாசல்ல வந்து நிக்கேன்.
போன்னு சொல்ல எனக்கு ஆரு தந்தா?

ஒரு தரம் அழுதான்.
பக்கத்து சுவீடன் ராசா, ஒரு மாசி மாசம்,
குதிரையும் பீரங்கியுமா
கடலுக்க மேல நடந்து வந்தானாம்.
குளிருல கடல் கல்லாப் போச்சாம்.
"கடல் எங்களைக் காட்டிக் கொடுத்துட்டு"ன்னான்.
குதிரையை நான் நம்பல்ல.
கடல் கல்லாகும்னும் நம்பல்ல.
காட்டிக் கொடுக்கும், அது எனக்குத் தெரியும்.
எனக்க கெட்டினவன் கொல்லம் பக்கம் போனான்,
மரம் மட்டும் திரும்பி வந்துது.
அன்னைக்குள்ள சாளைக்கு
முடிச்சுப் போடல்ல.

பிறகு இங்கிலீசுகாரன் வந்தான்.
சோரனுக்க ராசா இருக்க பட்டணத்தை
மூணு ராத்திரி சுட்டு எரிச்சாச்சாம்.
அந்தத் தீ கடல் தாண்டி
இங்க வந்து சேர மாசக்கணக்காச்சு.
வந்தப்போ வெடிச்சத்தம் ஒண்ணுமில்லை:
ஒரு துரை, பத்து சிப்பாய், வெத்திலை போட்ட ஒரு துபாசி.
கொடி இறங்கிச்சு.
ஈரத் துவர்த்து மாதிரி மடிச்சு
துரை கக்கத்துல வச்சான்.

முடிச்சுநூலை நீட்டினேன். முந்நூத்திப் பன்னிரண்டு.
"பண்டு இவனைப் போகச் சொல்ல
வெள்ளி கொடுத்தியளாமே.
இன்னா, இன்னைக்கும் போறான்.
எனக்க கையில கொடுங்கோ."
துபாசி அதை மாத்திச் சொல்லல்ல.
வெத்திலையைத் துப்பிட்டு வேற பக்கம் பாத்தான்.

சோரனை மாட்டுவண்டியில ஏத்தினாவ.
என்னைக் கண்டு வாயைத் திறந்தான்.
"பறையாதே"ன்னேன்.

கொடிமரத்துல கயிறு மட்டும் கிடந்துது.
நம்ம கயிறு, நம்ம தொண்டு,
உப்புக்காத்துல இத்துப் போகாத முறுக்கு.
மரம் கெட்ட ஆச்சு.

நேத்து உப்புக்காரன் பாக்கி கேட்டு வந்தான்.
என்ன நினைச்சேனோ,
அவனை மாதிரியே மூக்கால,
"கப்பல் வரட்டும்"ன்னேன்.
அவன் திரும்பிக் கடலைப் பாத்தான்.
"எந்தக் கப்பல்?"