ஈரச் சாலை

பின்னால் இருநூற்று நாற்பது ரொட்டிகள், சூடாக.
மணி மூன்று பத்து. செனாக்கி தாண்டியாயிற்று.
மேற்கு ஜார்ஜியாவின் மழை, விடாக்கண்டன்.

நேற்று இதே விளக்கு, இதே சாலை.
எண்பதடி தள்ளிக் கிடந்த
மக்காச்சோளச் சக்கைகூடத் தெரிந்தது.
இன்று வண்டி மூக்குக்கு முன்னால்
ஒன்றுமே இல்லை.

முதல் வருஷம் பல்ப் பழுதென்று நினைத்தேன்.
இரண்டு மாற்றினேன்.
கொழுந்தன் குராமி
மூன்றாவதையும் விற்கத் தயாராக இருந்தான்.

வெளிச்சம் குறையவில்லை.
என்னை விட்டுப் போகிறது, அவ்வளவுதான்.

காய்ந்த தாரில் கோடிக் கற்பொடி.
ஒவ்வொன்றும் ஒரு பக்கம் கன்னம் சாய்த்திருக்கும்.
விழுந்த கோணத்திலேயே எழுப்பி அனுப்பும்,
ஒன்றுகூட விதி மீறாது.
கன்னங்கள் ஒத்துப்போகாததால்
வயலுக்குக் கொஞ்சம், மேகத்துக்குக் கொஞ்சம்,
சிந்தியதில் எனக்கும் ஒரு கை.
அந்த ஒரு கையில்தான் என் பிழைப்பு.

மழை பள்ளங்களை நிரவிவிடுகிறது.
எங்கும் வழவழப்பு.
என் விளக்கு அதில் வழுக்கிப் போய்
எதிரே வரும் எவன் கண்ணிலோ குத்துகிறது.
அவனுடையது என் கண்ணில்.

கோபி பாலம் கடந்ததும்
கொட்டை ஏற்றிய லாரி ஒன்று திருப்பத்தில் தோன்றியது.
அதன் ஒளி சாலையில் உருகி
என் சக்கரம்வரை நீண்டது,
மஞ்சள் துணி விரித்ததுபோல்.

நடுவில் ஒரு கிழிசல்.

கிழிசலுக்கு நான்கு கால்.

மிதித்தேன். தட்டுகள் சரிந்தன.
ரொட்டிகள் இருக்கையின் முதுகில் வந்து மோதின.
லாரியும் அலறி நின்றது.
இடையில் ஒரு கறுப்புப் பசு, அசை போட்டபடி,
யாருக்கு வந்த விருந்தோ என்று.
தலையைத் திருப்பியபோது
இரண்டு பச்சைக் காசுகள்.
அந்த இரவில் என் வெளிச்சத்தை
வந்த வழியே திருப்பித் தந்தது
அந்தக் கண்கள் மட்டும்தான்.

லாரிக்காரன் இறங்கி வந்தான். கை நடுங்கியது.
"மாட்டைப் பார்க்கவே இல்லை, அம்மணி.
உன் வெளிச்சத்தில் ஓட்டை விழுந்தது,
அதைப் பார்த்தேன்."
நானும் அதைத்தான், என்றேன்.

நசுங்கிய ரொட்டி ஒன்று கொடுத்தேன்.
பாதியைப் பசுவுக்குப் பிட்டான்.
பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

ஸுக்திதியில் ட்ஸிட்ஸினோ எண்ணினாள்:
இருநூற்று முப்பத்தொன்பது.
மறுபடியும் எண்ணினாள்.

திரும்பும்போது மழை விட்டிருந்தது, விடியவில்லை.
சக்கரத் தடம் இரண்டும் முதலில் காய்ந்து,
வெளிறி, சொரசொரவென்று
கொஞ்சம் கொஞ்சமாக எனக்குத் தெரிந்தன.
மற்றதெல்லாம் இன்னும் கறுப்பு.