த/பெ

ராணிப்பேட்டைத் தோல் கிடங்கில்
நான் எழுதும் கூலிப் பேரேட்டில்
ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சாய்கோடு உண்டு.
த/பெ.
அதைப் பிடித்துக்கொண்டுதான் ஆள் நிற்கிறான்.

என் கோட்டுக்கு அப்பால் ஞானாபரணம்.
பெற்றவர் இல்லை.
வாலாஜா ஆஸ்பத்திரியிலிருந்து
ஒன்பது மாதத்தில் என்னைத் தூக்கிவந்தவர்.
காட்பாடி ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேன்.
தண்டவாளம் மாற்றுகிற கை
என் இனிஷியலையும் மாற்றியது.

மேல்விஷாரத்து அஷ்பாக் எனக்கு எதிர் மேசை.
ஒரு மதியம் கேட்டான்,
சண்டைக்கு அல்ல, ஊறுகாய் கேட்பது போல:
"கடவுளுக்குப் புள்ள எப்படிப்பா?
பெத்தான்னா சொல்றீங்க?"

அது வேறு பாஷை என்று தொடங்கினேன்.
அந்த நாட்டில்
முன்கோபக்கார அண்ணன் தம்பியை
இடியின் மக்கள் என்றார்கள்.
எந்த இடியும் அவர்களைப் பெறவில்லை.
சமாதானத்தின் மகன் என்றால்
தெருவில் நிற்பவனுக்குக் கதவு திறப்பவன்.
முடி சூட்டிய அன்று அரசனிடம்
இன்றுதான் நீ எனக்குப் பிறந்தாய் என்பார்கள்,
முப்பது வயது தாடிக்காரனிடம்.

"அப்ப பட்டப்பேருன்னு சொல்லு" என்றான்.
பட்டப்பேர் இல்லை என்றேன்.
அதற்குமேல் எனக்கு ஓடவில்லை.
ரசம் ஆறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில்
மூச்சு விடாமல் வாசித்துவிடுகிறோம்:
தாவீதின் குமாரன், தேவகுமாரன்,
ஒரே பேறானவர், முதற்பேறானவர்.
ஒரே பேறு என்றால் முதற்பேறு எதற்கு?
பின்னால் தம்பிகள் வருகிறார்கள் என்றா?
பேரேடு எழுதுகிறவனுக்கு
இந்தக் கணக்கு இடிக்கும்.
குமாரா என்று பஸ்ஸில் கூப்பிட்டால்
ரத்தினகிரிக்குப் போகிற பாதிப் பேர் திரும்புவார்கள்,
அது வேறு.

அவர் தன்னைச் சொல்லிக்கொண்டதோ
பெரும்பாலும் மனுஷகுமாரன்.
வெறும் ஆள் என்றும் கேட்கும்,
மேகத்தின்மேல் வருகிறவன் என்றும் கேட்கும்.
எது என்றால் கதை சொல்லி நழுவிவிடுவார்.
சொந்த ஊர் மட்டும்
மரியாளின் மகன்தானே என்றது.
தாய் பெயரைச் சொல்லி
ஒரு பையனைக் கூப்பிடுவது எதற்கென்று
வாலாஜா ஆஸ்பத்திரிப் பிள்ளைக்குத் தெரியும்.

வம்சப் பட்டியல் ஒன்று
பெயர் பெயராகப் பின்னோக்கி நடக்கிறது.
இன்னாருக்கு இன்னார், அவருக்கு இன்னார்,
கடைசியில் ஆதாம்.
ஆதாமுக்கும் ஒரு கோடு போட்டு
அப்பால் எழுதியிருக்கிறது.

பாலாற்றில் தண்ணீர் வந்த கார்த்திகையில்
அப்பாவை வேலூருக்குக் கொண்டுபோனோம்.
ரத்தம் கேட்டார்கள்.
என்னுடையது சேரவில்லை,
அஷ்பாக்குடையது சேர்ந்தது.
மூன்றாம் நாள் விடிகாலை அதுவும் போதவில்லை.

பிணவறை வாசலில் காவலாளி,
கம்மவான்பேட்டைக்காரர், பழைய பட்டாளத்து ஆள்,
மப்ளருக்குள் பாதி முகம்.
ஆதார் கேட்கவில்லை.
வேட்டி நுனியைக் கிழித்து
அப்பாவின் கால் பெருவிரல்களை
நான் சேர்த்துக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.
முடிச்சு இரண்டு தரம் நழுவியது.
பிறகு உள்பக்கம் திரும்பிச் சொன்னார்:
"இவருதான்யா புள்ள."

அந்தப் பழைய கதையிலும்
பேதுரு எல்லாம் ஓடிப்போன பிற்பாடு
ஒரு பட்டாளத்துக்காரன்தான் சொன்னான்.
சாஸ்திரம் படித்தவன் அல்ல,
காவல் முறையில் வந்தவன்.
பிரசங்கத்தைக் கேட்டு அல்ல,
அற்புதத்தைக் கண்டு அல்ல,
மூச்சு நின்ற ஒரு உடம்பைப் பார்த்து.

அஷ்பாக் வேனின் பின்கதவைப் பிடித்திருந்தான்.
சட்டைக் கை மடிப்பில்
இன்னும் அந்தப் பஞ்சு ஒட்டியிருந்தது.
அன்று கேட்டதை அவன் மறுபடி கேட்கவில்லை.

ஜன்னலில் படிவம் நீட்டினார்கள்.
இறந்தவர் பெயர், எழுதினேன்.
உறவு, எழுதினேன்.
"அவரோட த/பெ?"

மிஷன் விடுதியில் வளர்ந்தவர் அப்பா.
சொன்னதில்லை.
நானும் கேட்டதில்லை.
பேனா அங்கேயே நின்றது.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
குமாஸ்தா படிவத்தைத் தன் பக்கம் இழுத்து
அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார்.